கிண்டில் பழுதாப்போச்சோ? கடைக்கு ஓடமுதல் இதை வாசியுங்கோ

போன மாசி மாசம் சாய்மனைக் கதிரையில கிண்டிலை (அமேசன் விக்கிற, புத்தகம் வாசிக்கிற கருவி) வச்சிட்டு தேத்தண்ணி எடுக்க குசினிக்குப் போனன், திரும்பி வாறதுக்குள்ள சித்தப்பா வந்து அதுக்கு மேலயே சாய்ஞ்சிட்டார். கையை வச்சுத் தடவிப் பாத்தா மேல ஒரு கீறலும் இல்லை, வழுவழு எண்டு கிடக்கு, ஆனா உள்ளுக்கு அரைவாசிப் பக்கத்தில எழுத்து, மிச்ச அரைவாசியில ஆரோ கரித்துண்டால கோடு கீறிவிட்ட மாதிரி. "உது போன் மாதிரித்தானேடா, கண்ணாடியை மாத்தினா சரி" எண்டு சித்தப்பா சொல்ல நானும் நம்பி ரெண்டு மூண்டு கடை ஏறி இறங்கினன். அந்த அலைச்சலில விளங்கினதைத்தான் இதில எழுதுறன், உங்களுக்காவது பெற்றோல் மிச்சம்.

முதல் விசயம், கிண்டிலில இருக்கிற உந்த இ-இங்க் (காகிதத்தில மை மாதிரித் தெரியிற) ஸ்கிரீனுக்கு படத்தை மாத்தேக்கதான் கரண்ட் வேணும், வந்த படத்தை வச்சிருக்க வேண்டாம். அதால பற்றறி முழுசாச் செத்தாலும் கடைசியாத் தெரிஞ்ச படம் அப்பிடியே நிக்கும். கன பேர் இதைப் பாத்திட்டு "படம் தெரியுது, ஆனா அசையுதில்லை, ஸ்கிரீன் இறுகிட்டு" எண்டு முடிவுகட்டி கடைக்குக் கொண்டு ஓடுறது. அனேகமா சார்ஜ் இறங்கியிருக்கும், இல்லாட்டி சொப்ட்வெயார் எங்கயோ சிக்கியிருக்கும்.

எனவே நல்ல வயர் ஒண்டில, சாதாரண போன் சார்ஜரில, இரவு முழுக்கப் போட்டு விடுங்கோ. லாச்சிக்குள்ள மாசக்கணக்காக் கிடந்ததெண்டா அரை மணித்தியாலத்தில எழும்பாது, பொறுமை வேணும். பிறகு பவர் பட்டனை 40 செக்கன் அமத்திப் பிடியுங்கோ, வாய்விட்டு எண்ணுங்கோ, ஏனெண்டா எல்லாரும் பதினைஞ்சில கையை எடுத்திட்டு "நான் செய்து பாத்தனான், சரிவரேல்லை" எண்டுவினம். கோபோ (கிண்டில் மாதிரி வேற கொம்பனியின்ர வாசிப்புக் கருவி) எண்டாலும் உதே மாதிரி நல்லா நேரமெடுத்து அமத்திறதுதான்.

சார்ஜ் லைற்றே வரேல்லையோ? வயரை மாத்திப் பாருங்கோ, பேந்து ஓட்டையை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எங்கட ஊர்ப் புழுதிக்கு அதுக்குள்ள ஒரு சின்னப் பஞ்சு மெத்தையே இருக்கும். ஊசி, குண்டூசி ஒண்டும் விடாதேங்கோ, ஈர்க்கை மெல்லிசாச் சீவி, கிண்டிலை நிப்பாட்டிப்போட்டு மெதுவா வழிச்சு எடுங்கோ. 2018 பேப்பர்வைற் (கிண்டிலில ஒரு மொடல்) வரைக்கும் பழைய மைக்ரோ யுஎஸ்பிதான், அந்த ஓட்டை ஆட்டம் காணுறது வழமை. 2021 இல வந்த பேப்பர்வைற்றில இருந்து டைப்-சி, அது கொஞ்சம் பரவாயில்லை.

இனி ஸ்கிரீன். பவர் பட்டனைத் தட்டேக்க பக்கம் கறுத்து வெளுத்து மாறுதோ எண்டு பாருங்கோ. முழுப்பக்கமும் மாறினா ஸ்கிரீன் நல்லா இருக்கு. ஒரு மூலை மட்டும் மாறாம பழைய படத்தையே பிடிச்சுக்கொண்டு நிண்டா, இல்லாட்டி நேர்கோடு கோடா விழுந்தா, உள்ளுக்க இருக்கிற மெல்லிய கண்ணாடி வெடிச்சிட்டு. மேல தொடுற பிளாஸ்ரிக் வேற, உள்ளுக்க எழுத்து வாற கண்ணாடி வேற, என்ர கிண்டிலுக்கு நடந்தது இதுதான். இதுக்கு ரீசெற் அடிச்சும் பிரயோசனமில்லை, அரிசிக்குள்ள புதைச்சும் பிரயோசனமில்லை.

இப்ப கடைக் கதைக்கு வருவம். யாழ்ப்பாணத்தில கஸ்தூரியார் றோட் பக்கம் போன் திருத்துற பொடியளிட்ட கைவேலை திறம், அதை நான் குறை சொல்லமாட்டன். சார்ஜ் ஓட்டை மாத்திறது, பற்றறி மாத்திறது எண்டா தாராளமாக் குடுக்கலாம், போனில செய்யிற அதே ஈயப்பற்று வேலைதான். பற்றறியை மட்டும் மொடலைப் பாத்து நீங்களே எடுப்பிச்சுக் குடுக்கவேண்டி வரும். ஆனா ஸ்கிரீன் வேலைக்குக் குடுக்கமுதல் "அண்ணை, இ-இங்க் முந்தி மாத்தினனீங்களோ?" எண்டு நேரடியாக் கேளுங்கோ. ஒரு கடையில என்ர கிண்டிலை போன் டிஸ்பிளே கழட்டிற மாதிரி சூடு காட்டிக் கழட்ட வெளிக்கிட்டவை, நல்லா இருந்த அரைவாசியும் அதோட போச்சு. பேப்பர்வைற் மாதிரி லைற் உள்ளதில ஸ்கிரீனும் லைற் படலமும் தொடுற படலமும் ஒண்டோட ஒண்டு ஒட்டினபடி இருக்கும், பிரிக்கிறது லேசில்லை, முழுசா ஒரு செற்றாத்தான் மாத்தவேணும்.

செற் எடுக்கோணும் எண்டா ஸ்கிரீனின்ர பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும், ஈடி எண்டு தொடங்கி 060 எண்டு வந்தா 6 இஞ்சி. அந்த முழு நம்பரும் ஒத்துப்போகோணும், கிண்டில் பேர் ஒண்டா இருக்கிறது காணாது. இது அலிஎக்ஸ்பிரஸ் எண்ட சீன ஒன்லைன் கடையில கிடைக்கும், ஆனா பாட்ஸ் காசு, தபால் காசு, கடைக் கூலி எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கோ. 2024 இல சாதாரண கிண்டில் வரேக்க அமெரிக்காவில 110 டொலர் மட்டில போச்சுது. என்ர கணக்குக்கு ஸ்கிரீன் போனா திருத்திறது நட்டம். கோபோ வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஸ்டம், 2024 இல வந்த கிளாரா, லிப்ரா கலர் மொடலுகளுக்கு ஐஃபிக்சிற் எண்ட கொம்பனியோட சேர்ந்து பாட்ஸும் கழட்டிற முறையும் வெளியில விட்டிருக்கினம்.

சரி, மாத்தி எடுக்கிறது எப்பிடி? எங்கட ஊரில கிண்டில் வச்சிருக்கிற ஆக்களில முக்கால்வாசிப் பேருக்கு அது லண்டன் மச்சாளோ கனடா மாமாவோ குடுத்துவிட்டது. வேண்டினது ஆற்ற எக்கவுண்டிலயோ அவை கதைச்சாத்தான் அமேசன் காது குடுக்கும், நீங்கள் இஞ்ச இருந்து மணிக்கணக்கா சாற் பண்ணி வேலையில்லை. கிண்டிலுக்கு அமேசன் குடுக்கிறது ஒரு வருச வாரண்டி, ஆனா ஜேர்மனி, பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய யூனியன் நாட்டில வேண்டினதெண்டா சட்டப்படி 2 வருசம் விக்கிறவை பொறுப்பு. சீரியல் நம்பர் கேப்பினம். ஸ்கிரீன் செத்தாலும் பரவாயில்லை, கிண்டில் அவையின்ர எக்கவுண்டிலயே பதிஞ்சு கிடந்தா டிவைஸ் லிஸ்ற்றில நம்பர் இருக்கும். ஆள் சாய்ஞ்சு உடைஞ்சது வாரண்டியில வராது, அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லாதேங்கோ, பாவம் அவையின்ர எக்கவுண்ட். உள்ளதைச் சொல்லி, புதுசு எடுக்க ஏதும் கழிவு தருவியளோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ, கேக்கிறதுக்குக் காசில்லை.

இதில ஒரு சிக்கல் இருக்கு. மாத்தித் தாறதெண்டா பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லி நாள் குறிப்பினம், அனுப்பாட்டி அவையின்ர பாங்க் கார்ட்டில காசு கழிபடும். உங்கட கிண்டில் கோண்டாவிலில கிடக்க மச்சாள் ஹரோவில இருந்து என்னத்தை அனுப்புறது? அதால முதல் பழையதை ஆரும் போற ஆளிட்டக் குடுத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்தாப்பிறகு கதையைத் தொடங்கச் சொல்லுங்கோ. கோயில் திருவிழாவுக்கு வந்து திரும்பிற ஆக்களை முதலே பிடிச்சு வையுங்கோ, கையில கொண்டுபோற பையுக்குள்ளதான் வைக்கோணும். தனிப் பற்றறி எண்டா பெரிய சூட்கேசுக்குள்ள போடவே ஏலாது.

கையை விட்டுப் போகமுதல் ரெண்டு வேலை. வயரால கொம்பியூட்டரில கொழுவி டொக்யூமென்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற மை கிளிப்பிங்ஸ் எண்ட ஃபைலை எடுத்து வையுங்கோ, நீங்கள் கோடிட்ட வரியெல்லாம் அதுக்குள்ளதான், ஸ்கிரீன் உடைஞ்சாலும் இது அனேகமா வேலை செய்யும், பாஸ்கோட் போட்டு வச்சிருந்தாத்தான் கரைச்சல். பிறகு எக்கவுண்டில இருந்து அந்தக் கிண்டிலைக் கழட்டி விடுங்கோ, சீரியல் நம்பரை மட்டும் அதுக்கு முதல் எழுதி வையுங்கோ. காசு குடுத்து எடுத்த புத்தகம் புதுசில திரும்ப இறங்கும். வயரால ஏத்தினது வராது, ஆனா ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மாதிரி இலவசத் தளத்தில எடுத்ததெண்டா திரும்ப இபப் (மின்புத்தக ஃபைல் வகை) ஆ இறக்கி, அமேசனின்ர சென்ட் ரு கிண்டில் வசதியால அனுப்பினாச் சரி. நூலகம் எண்ட ஈழத்து மின்நூலகத் தளத்து ஸ்கான் பிடிஎஃப் 6 இஞ்சியில கண்ணைப் பிடுங்கும், அதுக்கு புதுக் கிண்டில் எடுத்தும் விமோசனமில்லை.

ஆரையும் கெஞ்ச விருப்பமில்லை எண்டா இக்மன் எண்ட விளம்பரத் தளத்தில பழசு பாக்கலாம். நேரில போய் முழுப்பக்கமும் மாறுதோ பாருங்கோ, இருட்டு அறையில லைற்றைப் போட்டு ஓரங்களைப் பாருங்கோ, முக்கியமா விக்கிற ஆளின்ர எக்கவுண்டைக் கழட்டி உங்கட எக்கவுண்டை அவருக்கு முன்னாலயே போட்டிட்டுக் காசைக் குடுங்கோ. களவு போனதெண்டு சொல்லி மறிச்ச கிண்டில் எண்டா அந்த இடத்தில தெரிஞ்சிடும்.

உடைஞ்சதை எறியாதேங்கோ, உள்ளுக்கு போர்ட்டும் பற்றறியும் நல்லாத்தான் இருக்கும், அதே மொடலில ஸ்கிரீன் நல்லா இருந்து பற்றறி போன ஒருத்தருக்கு உதவும். என்ரயை தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் கேட்டு எடுத்துக்கொண்டு போயிட்டான். ஆருக்கும் வேண்டாமெண்டாலும் பின்வளவில கஞ்சல் கொளுத்தேக்க அதோட சேர்த்துப் போட்டிடாதேங்கோ, லித்தியம் பற்றறி, வெடிக்கும்.