நாடு விட்டு நாடு மாறும் வேகமான ஸ்ட்ரைக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் தற்காப்பு வீரர்களை ஓடியே வெல்லும் ஸ்ட்ரைக்கருக்கு, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரருக்கு, வெளிநாட்டு கிளப்புகளின் அழைப்புகள் இளம் வயதிலேயே குவிந்துவிடுகின்றன. அவற்றுள் எதை ஏற்பது, எப்போது ஏற்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கிளப்பின் பெயரையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு, களத்தில் தன்னை எங்கே நிறுத்தப்போகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்திடுவது பெரிய தவறு. பிரெஞ்சு வீரர் தியரி ஹென்றி 1999 ஜனவரியில் இத்தாலியின் யுவென்டஸுக்குச் சென்றபோது, தற்காப்புப் பொறுப்பும் சுமந்தபடி களத்தின் ஓரத்தில் ஆட நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு மாறி, அதன் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் அவரை நடுவில் ஸ்ட்ரைக்கராக நிறுத்திய பிறகு, அந்த கிளப்புக்காக மொத்தம் 228 கோல்கள் அடித்தார். கால்கள் அதே கால்கள்தாம்.

அதே கோடையில் ஆர்சனலிலிருந்து ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்குப் போன பிரெஞ்சு ஸ்ட்ரைக்கர் நிக்கோலா அனெல்காவுக்கு வயது 20. பயிற்சிக்கு வர மறுத்ததால் 2000 மார்ச்சில் கிளப் அவருக்கு 45 நாள் இடைநீக்கம் அறிவித்தது. பிறகு ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்து, கோப்பையும் வென்றார் என்றாலும், ஒரே பருவத்தோடு அங்கிருந்து வெளியேறினார். துருக்கி, சீனா, இத்தாலி, இந்தியாவின் மும்பை சிட்டி என்று நீண்ட பிற்காலப் பயணத்தைக் காட்டி அவரை வீணாய்ப்போன திறமை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2008–09 பருவத்தில் செல்சிக்காக 19 கோல்கள் அடித்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவர் 30 வயதைத் தொட்டிருந்தார். அந்த வயதில் வெறும் ஓட்டம் கைகொடுக்காது. பந்தைக் காலில் நிறுத்திச் சக வீரருக்கு வழி திறக்கும் பழக்கத்தை 20 வயதிலேயே தொடங்காதவர்கள் பின்னர் தவிக்கிறார்கள்.

பழைய காயத்தைப் புதிய கிளப்பிடம் மறைப்பதும், நீண்ட விமானப் பயணத்துக்கு மறுநாளே முழு வேகத்தில் ஓடுவதும் கூடாது. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் மைக்கேல் ஓவன் 1999 ஏப்ரலில், 19 வயதில், லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் தொடையின் பின்தசையில் கடுமையாகக் காயமடைந்தார். 2001இல் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது பெற்றபோதிலும், அந்தக் காயத்துக்குப் பிறகு தான் பழைய வீரராக இல்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

ஒப்பந்தத்தில் நேரும் தவறுகள் பெரும்பாலும் விதி தெரியாததால் வருபவை. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற வரியைக் கண்டு வீரர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் பரிமாற்ற விதிகள் அத்தகைய நிபந்தனையை ஏற்பதில்லை. கிளப் இரண்டு மாதச் சம்பளத்தை முறைகேடாக நிலுவையில் வைத்தால், எழுத்துமூலம் அறிவித்து, பாக்கியைத் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். அந்தக் கடிதத்தை அனுப்பாமல் கோபத்தில் விமானம் ஏறுபவர், வலுவான வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்கிறார். ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகள் வரை பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், பருவகாலம் வேறுபடும் நாடுகளுக்கிடையிலான விதிவிலக்கு தவிர, அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் இரண்டு கிளப்புகளுக்கு மட்டுமே ஆட முடியும். இதைச் சரிபார்க்காமல் ஜனவரியில் மூன்றாவது கிளப்புக்குத் தாவுபவர், பருவம் முடியும்வரை பயிற்சி மட்டும் செய்துகொண்டிருக்க நேரிடும்.