ஆல்ப்ஸில் சைக்கிள் விடுமுறையா? லிஃப்டை முதலில் பாருங்கள்

ஆல்ப்ஸில் மவுண்டன் பைக் ஓட்டப் போகிறவர்கள், மலை ஏறுவது மிதித்தா, லிஃப்டிலா (சைக்கிளோடு மேலே ஏற்றிவிடும் கம்பிவட வண்டி) என்று முடிவு செய்துவிட்டு ஊரைத் தேடுங்கள். இறக்கம்தான் வேண்டும் என்றால் பிரான்சின் மோர்சீன், லே ஜே பக்கம் போகலாம். ஒரே லிஃப்ட் பாஸில் சுவிஸ் எல்லையைத் தாண்டியும் ஓட்டலாம். ஜெனீவா விமான நிலையமும் கிட்டத்தில்தான். மிதித்தே ஏறி நாள் முழுக்கச் சுற்ற ஆசையா? சரி, சுவிட்சர்லாந்தின் டாவோஸ். அங்கே நடைபயணப் பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்கும் திறந்திருக்கும். ஆஸ்திரியக் காடுகளில் அப்படி இல்லை, அனுமதித்த பாதை மட்டும்தான்.

அப்புறம் தேதி. ஜூன் தொடக்கத்தில் உச்சியில் பனி கிடக்கும். செப்டம்பர் பாதியில் பல லிஃப்டுகள் நின்றுவிடும்.

புதியவர்கள் பச்சை, நீலக் குறியிட்ட எளிய பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை பெய்துவிட்டால் மர வேர்கள் சோப்பு மாதிரி வழுக்கும். நீலமே போதும் போதும் என்றாக்கிவிடும்.