ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ப்ளே ஸ்கூல் பார்ப்பது எப்படி

முதல் தடவை பள்ளியைப் பார்க்கப் போகும்போது குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கூட இருந்தால் உங்கள் கண் குழந்தைமேலேயே இருக்கும், வகுப்பைப் பார்க்க முடியாது. போகும் நேரமும் முக்கியம். அட்மிஷன் விசாரிக்க வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் எந்தப் பள்ளியும் அமைதியாகத்தான் இருக்கும். காலையில் பிள்ளைகளை விடும் நேரத்திலிருந்து ஸ்நாக்ஸ் முடியும்வரை ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் ஜன்னல் வழியாகவாவது பார்க்கக் கேளுங்கள். அதற்கும் இடம் தராத பள்ளியை விட்டுவிடலாம்.

உட்கார்ந்த பிறகு, விளையாட்டை நிறுத்தி அடுத்த வேலைக்கு மாறும் அந்த ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம், அப்புறம் கை கழுவப் போறோம்" என்று மிஸ் முன்கூட்டியே சொல்கிறாரா? அன்றைய வேலைகள் வரிசையாகப் படங்களாகக் குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? இல்லை, பொம்மையைச் சட்டென்று பிடுங்கி வைக்கிறார்களா? அடுத்து என்ன வரும் என்று தெரியாத தவிப்பு ஆட்டிசம் உள்ள குழந்தையை ஆட்டிப்படைக்கும். பிடிவாதம் என்று பெயர் வாங்கும் அழுகை பல நேரம் அந்தத் தவிப்புதான்.

சத்தத்தையும் கவனியுங்கள். தகரக் கூரை, வெறும் டைல்ஸ் போட்ட ஹால், அசெம்பிளி மைக், முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் பாடும் ரைம்ஸ். எல்லாம் எதிரொலிக்கும் அறையில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் குழந்தையின் தலையில் எதுவும் ஏறாது. ஒதுங்கி உட்கார ஒரு மூலையும் ஒரு பாயும் இருந்தால் போதும். ஆனால் தண்டனைக்கு அனுப்பும் மூலையும் அதுவாக இருக்கக் கூடாது. கேட் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, சம்ப்பும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்கின்றனவா என்று நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள். ஓடிவிடும் பழக்கமும் தண்ணீர் மேல் ஆசையும் உள்ள குழந்தைக்கு இது உயிர் போகிற விஷயம்.

"ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்துவிடுவார்கள். "வட்டமாக உட்காரும்போது ஒரு குழந்தை எழுந்து ஓடினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கொஞ்சம் நடக்க விட்டு, கையில் ஒரு பொருளைக் கொடுத்து, திரும்ப அழைப்போம்" என்பது வேலை தெரிந்தவரின் பதில். "பிடித்து உட்கார வைத்துவிடுவோம், நாலு நாளில் பழகிவிடும்" என்றால் வேண்டாம். பேச்சு வராத குழந்தை தண்ணீர் வேண்டும் என்று எப்படிச் சொல்லும், பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது யார், கழுவிவிடுவது யார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஆயாம்மாதான். அப்படியானால் அவரிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். உங்கள் குழந்தையின் நாள் அவர் கையில்தான் இருக்கிறது.

சேர்க்கும்போது ஆட்டிசத்தை மறைக்காதீர்கள். மறைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் எப்படியும் தெரிந்துவிடும், அப்போது பேச்சு கசப்பாகவே தொடங்கும். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: வேண்டியதை எப்படிக் கேட்கும், எதற்கு அலறும், என்ன செய்தால் அடங்கும், என்ன சாப்பிடும், ஓடுமா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களிலும், 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்பார்கள், முன்பே வாங்கிவையுங்கள்.

எல்கேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுத வைக்கும் பள்ளியைத் தவிர்ப்பது நல்லது. விரல்களுக்கு இன்னும் பலம் வராத குழந்தைக்கு பென்சில் வேதனை. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மூன்று வயதில் கடைப் பலகைகளை எல்லாம் படிக்கும் குழந்தையை "ரொம்ப புத்திசாலி" என்று மேல் வகுப்பில் உட்கார வைப்பார்கள். படிக்கத் தெரிந்த அதே குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். வகுப்பை வாசிப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்ற யோசனையையும் ஏற்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மா கொஞ்சுவது தமிழில் என்றால் தமிழிலேயே கொஞ்சட்டும்.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் உங்கள் குழந்தைக்கென்று மட்டும் கூடவே இருந்து உதவும் ஒருவர், வேண்டும் என்று பள்ளி சொன்னால், எத்தனை மாதத்துக்கு, எப்படிக் குறைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நாள் முழுக்க ஒருவர் ஒட்டியே இருந்தால் மிஸ் குழந்தையோடு பேசுவதையே விட்டுவிடுவார். குழந்தையும் வகுப்பில் இருந்துகொண்டே வகுப்புக்கு வெளியில் இருக்கும்.

இடம் முடிவானதும் கேட், வகுப்பு, மிஸ், பாத்ரூம் நான்கையும் போட்டோ எடுத்து வீட்டில் தினமும் காட்டுங்கள். யூனிஃபார்மை நான்கைந்து முறை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டி, ஷூவோடு சேர்த்து வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். முதல் வாரம் 45 நிமிடம் போதும். அழுகை தொடங்கும் முன்பே, சிரிக்கும்போதே கூட்டிவந்துவிடுங்கள். பிறகு வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டலாம். என்ன சாப்பிட்டது, எத்தனை முறை சிறுநீர் போனது, எப்போது அழுதது என்று மூன்றே வரி டைரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் பாருங்கள். காலை அழுகை மட்டும் இருந்தால் பொறுக்கலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டே வீடு திரும்புவது, தூக்கம் கெடுவது, வந்த வார்த்தைகள் மறைவது, தன்னையே கடித்துக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பள்ளியில் போய்ப் பேசுங்கள். மாறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். அதற்காகவே ஃபீஸை வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் டேர்ம் டேர்மாகக் கட்டுங்கள்.