கணினி பூட் ஆகவில்லையா? பாகத்தை மாற்றும் முன் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

வீட்டுக் கணினி பூட் ஆகாமல் நின்றுவிட்டால், பலர் உடனே விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு ஒரு பென் டிரைவைத் தேடுகிறார்கள். வேறு சிலர் ஊகத்தின் பேரில் ரேமையோ, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ வாங்கி மாற்றிப் பார்க்கிறார்கள். பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்யப்படும் இந்த இரண்டு வேலைகளாலும் பணமும் நேரமும் வீணாவதோடு, சில சமயம் நல்ல நிலையில் இருந்த கோப்புகளும் போய்விடுகின்றன.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தோன்றும் வரை கணினி நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு மின்சாரம் தருகிறது. அடுத்து, மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருளான பயாஸ் (புதிய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ.) ப்ராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் ஆகியவை சரியாக உள்ளனவா என்று சோதிக்கிறது. மூன்றாவதாக, இயங்குதளம் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடுகிறது. கடைசியாக அந்த இயங்குதளம் ரேமில் ஏற்றப்படுகிறது. உங்கள் கணினி இவற்றில் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலுமே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டனை அழுத்தியும் விளக்கு எரியாமல், ஃபேன் சுழலாமல் இருந்தால் அது முதல் கட்டம். ஃபேன் சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால் இரண்டாம் கட்டம். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதன்பின் பூட் செய்யத்தக்க டிஸ்க் இல்லை என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து நின்றால் மூன்றாம் கட்டம். விண்டோஸ் சின்னமோ, சுழலும் புள்ளிகளோ, நீலத் திரையோ தெரிந்தால் நான்காம் கட்டம். இதைத் தீர்மானித்த பிறகு, அந்தக் கட்டத்துக்குரிய பகுதியை மட்டும் கீழே படித்தால் போதும்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இதனால் வெளியேறும். உடலில் உள்ள நிலைமின்சாரம் ரேம் போன்ற பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்வடத்தைக் கழற்றிய பின்பும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

முதல் கட்டம்: மின்சாரமே வரவில்லை

சுவிட்ச் பெட்டியை நம்பாமல், அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவரில் இணையுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் உள்ள சிறிய சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும்; வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் அது அணைந்திருக்கிறது என்று பொருள். கணினியை நகர்த்தித் துடைத்த பிறகு இந்தச் சுவிட்ச் தவறுதலாக அணைந்துபோவது மிகச் சாதாரணம்.

இவை சரியாக இருந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் மின்சாரம் வந்தவுடனேயே, பட்டனை அழுத்தாத நிலையிலும், ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். முழுக்கச் செத்துவிடவில்லை, சந்தேகம் பவர் பட்டன்மீதும் அதன் ஒயர்மீதும் திரும்ப வேண்டும். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் உள்ள ஊசிகளில் செருகப்பட்டிருக்கும். பவர் சுவிட்சுக்குரிய இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கணினி உயிர் பெற்றால் பழுது பட்டனில்தான். எந்த ஊசிகள் என்பதை மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குத்துமதிப்பாகத் தொடுவது கூடாது.

ஃபேன் ஒரு கணம் சுழன்று உடனே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் சர்க்கியூட் இருக்க வாய்ப்பு அதிகம். யு.எஸ்.பி. சாதனங்கள், ஹார்டு டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்திப் பாருங்கள். கார்டையும் டிஸ்கையும் கழற்றும்போது மின்வடம் சுவரில் இருக்கக் கூடாது. எதைக் கழற்றியபோது கணினி நிற்காமல் ஓடுகிறதோ, பழுது அதில் இருக்கிறது.

இரண்டாம் கட்டம்: ஃபேன் சுழல்கிறது, திரையில் ஒன்றும் இல்லை

ஆட்களை அதிகம் அலைய வைப்பது இந்தக் கட்டம்தான். ஆனால் இங்கே பாதிச் சிக்கல்கள் பழுதே அல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டரின் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் ப்ராசஸர்களில் உள்ளமை கிராஃபிக்ஸ் இல்லாததால், அவற்றோடு மதர்போர்டின் அந்தத் துளை எப்போதுமே வேலை செய்யாது. மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியுள்ளதா என்றும் பாருங்கள். டி.டி.ஆர்.5 ரேம் புதிதாகப் பொருத்தியிருந்தால், முதல் முறை பூட் ஆகும்போது மதர்போர்டு அந்த ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும் என்பது தெரியாமல், நடுவில் பட்டனை அழுத்தி அணைப்பவர்கள் அந்த வேலையை மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

அதன்பின் மதர்போர்டு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். இன்றைய பல மதர்போர்டுகளில் சி.பி.யு. (ப்ராசஸர்), டிராம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று பெயர் பொறித்த நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, சோதனை அந்தப் பாகத்தில் நின்றுவிட்டது. பழைய மதர்போர்டுகள் சிறிய ஸ்பீக்கர் மூலம் பீப் ஒலி எழுப்பும். ஒலியின் எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறுவதால், பொதுவான பட்டியல்களை நம்பாமல் உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

விளக்கும் ஒலியும் இல்லாவிட்டால் ரேமிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் செலவில்லாமல் செய்யக்கூடியதும் அடிக்கடி பலன் தருவதும் அதுதான். மின்வடத்தைக் கழற்றிவிட்டு, ரேம் ஸ்லாட்டின் முனையில் உள்ள தாழ்ப்பாளை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் சற்று மேலெழும்பும். அதன் தங்கநிற முனைகளை மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிடாமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்; வாயால் ஊதினால் ஈரம் படியும். மறுபடி செருகும்போது, ரேமின் அடிப்பகுதியில் உள்ள வெட்டு ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் சம அழுத்தம் கொடுத்து, தாழ்ப்பாள் தானாக ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். புதியவர்கள் போதிய அழுத்தம் கொடுக்கத் தயங்குவதால் ஒரு முனை மட்டும் அரைகுறையாக அமர்ந்திருப்பது வழக்கம். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து, பிறகு மற்றதை மட்டும் வைத்து, அடுத்தடுத்த ஸ்லாட்களில் சோதியுங்கள்.

அடுத்து ப்ராசஸருக்கு அருகில் உள்ள 8 பின் (சில மதர்போர்டுகளில் 4 பின்) மின் இணைப்பைப் பாருங்கள். மதர்போர்டின் முதன்மை மின் இணைப்பான 24 பின் இணைப்பு மட்டும் செருகப்பட்டு இது விட்டுப்போனால், ஃபேன்கள் சுழலும், வேறு எதுவும் நடக்காது. புதிதாகக் கட்டிய கணினியாக இருந்தால் ரேமைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

இதற்கும் மசியவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளை அழிக்கலாம். மின்வடத்தைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற நாணய வடிவ பேட்டரியை எடுத்து, சில நிமிடங்கள் கழித்துத் திரும்ப வையுங்கள். கணினி பல ஆண்டுப் பழையது என்றாலோ, தேதி அடிக்கடி மாறிக்கொண்டிருந்தாலோ, புதிய பேட்டரியையே போட்டுவிடுங்கள். ஆனால் இதைச் செய்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் அமைப்புகள் மாறியபின் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைபேசியில் முன்னதாகவே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டம்: டிஸ்க் கிடைக்கவில்லை

செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அவற்றில் இயங்குதளத்தைத் தேடிப்போய்க் கணினி நின்றிருந்தால் இதோடு சரியாகிவிடும்.

இல்லாவிட்டால், ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். அங்கே உங்கள் டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெயர் இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து சேமியுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் இந்தச் சிக்கல் வந்தது என்றால், யு.இ.எஃப்.ஐ., லெகசி (பழைய பயாஸ் முறை) என்ற பூட் முறையோ, டிஸ்கை இணைக்கும் சாட்டா முறையோ பழைய அமைப்பிலிருந்து மாறியிருக்கக்கூடும். விண்டோஸ் நிறுவியபோது இருந்த முறைக்கே திருப்புங்கள்.

பெயரே இல்லையென்றால், சாட்டா டிஸ்காக இருந்தால் தரவு கேபிளையும் மின் கேபிளையும் இருபுறமும் கழற்றிச் செருகி, முடிந்தால் வேறு கேபிளையும் மதர்போர்டில் வேறு துளையையும் முயன்று பாருங்கள், மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் திருகைக் கழற்றி, ஒருமுறை எடுத்துப் பொருத்துங்கள். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என்று ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குமேல் அதை ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே உள்ள தரவுக்கு ஆபத்து. கோப்புகள் முக்கியமானவை என்றால், எந்த மென்பொருளையும் முயலாமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி.

நான்காம் கட்டம்: விண்டோஸ் பாதியில் நிற்கிறது

வன்பொருள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்பதால் இங்கே ஸ்குரூ டிரைவருக்கு வேலை இல்லை. விண்டோஸ் சின்னம் தோன்றியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை மீட்புத் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று உள்ளே சென்று, முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ஐ ஓட விடுங்கள். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சிக்கல் வந்தது என்று தெரிந்தால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ வழியாக அதை நீக்குங்கள்.

இரண்டும் உதவாவிட்டால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் செய்து, வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்தி ‘சேஃப் மோட்’ செல்லுங்கள். இதில் விண்டோஸ் மிக அவசியமான டிரைவர்களோடு (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்களோடு) மட்டும் ஓடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, அவற்றில் பலவற்றைச் சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு கோப்பை நீக்கித்தான் மீட்டார்கள். அதனால் கடைசியாக நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ இங்கே நீக்கிப் பார்க்காமல், விண்டோஸை அழிக்கும் முடிவுக்குப் போகாதீர்கள்.

அந்த முடிவைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், வேறொரு கணினியில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமலேயே கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட இன்னொரு பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றி நிறுவலாம். நிறுவும் நேரத்தில், விண்டோஸ் இருக்க வேண்டிய டிஸ்கைத் தவிர மற்ற டிஸ்குகளின் கேபிள்களைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் மட்டும் தவறான டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ள இடமுண்டு. பின்னொரு நாள் அந்த டிஸ்கைக் கழற்றும்போது கணினி மறுபடி மூன்றாம் கட்டத்தில் நின்றுவிடும்.