கண்ட மேலோடு தடிக்கிறது எப்படி? அடிக்கடி நடக்குற தப்புங்க

கண்ட மேலோடு, அதாவது கண்டங்களோட மேல் பாறை அடுக்கு, எப்படித் தடிக்குதுன்னு கேட்டா, பூமியோட ரெண்டு பாறைத் தட்டு மோதுது, உரசுது, சூட்டுல பாறை உருகிடுதுன்னுதான் ஜியாகிரஃபி படிக்கிற பிள்ளைங்க நிறைய பேரு எழுதுறாங்க. ஆனா அங்க முக்கியமான வேலையைப் பார்க்குறது தண்ணிதாங்க. கடலுக்கு அடியில இருக்குற தட்டு பக்கத்துத் தட்டுக்குக் கீழ இறங்க இறங்க அதோட கனிமங்களுக்குள்ள அடைபட்டிருந்த தண்ணி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்துல வெளியேறி மேல இருக்குற மேன்டில்ல (மேலோட்டுக்குக் கீழ இருக்குற பாறை அடுக்குல) கலக்குது, கலந்ததும் அந்தப் பாறை உருகுறதுக்குத் தேவையான சூடு நல்லா குறைஞ்சிடுது. உருகுறது பெரும்பாலும் அந்த மேன்டில் பாறைதான், இறங்குற தட்டு இல்ல, இதை மாத்தி எழுதிடாதீங்க. மேன்டில் முழுக்க நெருப்புக் குழம்புன்னும் எழுதாதீங்க, அது கெட்டிப் பாறை.

எரிமலை கக்குற லாவாவை மட்டும் கணக்குல எடுக்குறதும் தப்பு. இப்படி உருகின பாறைக் குழம்புல, அதாவது மாக்மாவுல, பெரும்பகுதி வெளியவே வராது, மேலோட்டுக்கு அடியிலயும் நடுவுலயும் தங்கி மெதுவா ஆறி மேலோட்டோட சேர்ந்திடும். சிங்கப்பூர்ல புக்கிட் தீமா பழைய கல்குவாரிப் பக்கம் போனா கிரானைட்டை உத்துப் பாருங்க, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிம மணியெல்லாம் வெறுங்கண்ணுக்கே தனித்தனியா தெரியும், அவ்வளவு பெருசா வளர்றதுக்கு பூமிக்கடியில ரொம்ப காலம் ஆறியிருக்கணும். அது டிரயாசிக் காலத்துப் பாறை, 20 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, இப்போ இல்லாத பழைய டெத்திஸ் கடலோட அடித்தளம் இந்தப் பக்கம் கீழ இறங்கினப்போ உருவானது.

எனக்கு ரொம்ப முக்கியமா படுற தப்பு ஒண்ணு இருக்கு: தடிக்கிறதும் வளர்றதும் ஒண்ணுன்னு நினைக்கிறது. சாதாரணமா 35, 40 கிலோமீட்டர் இருக்குற கண்ட மேலோடு திபெத்துல ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இந்தியா வந்து மோதுறதுக்கு முன்னாடியே தெற்கு திபெத்துல மேன்டில்லேருந்து வந்த மாக்மா புதுப் பொருளைச் சேர்த்துச்சு, அது வளர்ச்சி. மோதினதுக்கு அப்புறம் இருக்குற பாறையே நெருக்கி, மடிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சு, அது தடிப்பு மட்டும்தான். இமயமலையோட வெளிர் கிரானைட்டும் பழைய மேலோடே உருகி வந்தது, இந்தப் பாக்கெட் காசை அந்தப் பாக்கெட்ல போட்ட மாதிரி, மொத்தம் கூடல.

ரெண்டு கண்டம் மோதினாத்தான் தடிக்கும்னும் இல்லீங்க, தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலைத்தொடர்ல கடல் தட்டுதான் கீழ இறங்குது, அங்கயும் சில இடத்துல 70 கிலோமீட்டர் வரைக்கும் போகுது.

அதனால கிரானைட்னு பார்த்ததும் புது மேலோடுன்னு முடிவு கட்டிடாதீங்க, அந்த மாக்மா எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. மலேசியாவுல ஈப்போ பக்கத்து மலைத்தொடர் கிரானைட்டுல பழைய மேலோடு உருகின பங்கு அதிகம், அங்க அவ்வளவு வெள்ளீயம் (டின்) கிடைச்சதுக்கும் அது ஒரு காரணம்.