தொலைதூர விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பயண நேரத்தையும் நொடியில் காட்டும் இணையக் கருவிகள் பல உள்ளன. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று அறிந்தவரே அவற்றைச் சரிபார்க்க முடியும். டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரையிலான பயணத்தை எடுத்துக்கொள்வோம். சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நரிட்டா வடக்கு 35.77, கிழக்கு 140.39 பாகை; லாஸ் ஏஞ்சலஸ் வடக்கு 33.94, மேற்கு 118.41 பாகை. ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும். கிடைக்கும் 258.8 பாகை, 180-ஐத் தாண்டுவதால், அதை 360-இலிருந்து கழித்தால் 101.2 பாகை வரும்.

அடுத்தது தூரம். இரு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றின் கோசைன்களையும் 101.2-இன் கோசைனையும் பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். 101.2-இன் கோசைன் எதிர்ம எண் என்பதை மறந்துவிடக் கூடாது. கூட்டுத்தொகையான 0.1956-க்கு நேர்மாறு கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) கண்டால் ஏறத்தாழ 78.7 பாகை கிடைக்கும். புவியை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் வட்டமான பெருவட்டத்தில் ஒரு பாகை சுமார் 111.2 கிலோமீட்டர் என்பதால், தூரம் ஏறக்குறைய 8,750 கிலோமீட்டர். விடை பொருந்தாவிட்டால், கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியன் என்னும் வேறு கோண அலகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் நேரும் பிழை அதுவே.

தட்டையான வரைபடத்தில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் நேர்கோடு குறுகிய வழிபோலத் தோன்றினாலும், அப்படி ஏறத்தாழ 35 பாகை அட்சரேகையை ஒட்டியே பறந்தால் 9,200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். உண்மையில் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதை, பசிபிக்கின் நடுவே சுமார் 48 பாகை வரை வடக்கே ஏறி, பின்பு இறங்குகிறது. உருண்டைப் புவி மாதிரியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும்.

இனி நேரம். பெரிய பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டு வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் 10 மணி 15 நிமிடம் ஆகும். ஆனால் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. அது வழி நெடுகச் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிழக்கே செல்கையில் ஏறத்தாழ 9¼ மணி நேரமும் திரும்புகையில் ஏறத்தாழ 11½ மணி நேரமும் ஆகும். ஒரே தூரத்துக்குப் போகவும் வரவும் ஒரே நேரத்தைக் காட்டும் கருவியை நம்பி அடுத்த விமானத்துக்கு முன்பதிவு செய்யாதீர்கள். விமான அட்டவணையில் ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும் சேர்ந்திருப்பதால், அது நம் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

கடைசியாக, உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே பயண நேரத்தைக் கூட்டுங்கள். நரிட்டாவில் மாலை 5 மணி என்பது பொது நேரத்தில் காலை 8 மணி. அட்டவணைப்படி 10 மணி நேரப் பயணம் என்றால், இறங்கும்போது பொது நேரம் மாலை 6 ஆகியிருக்கும். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அதற்கு 8 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே அதே தேதியில் காலை 10 மணி. கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் 11 மணி.