வெளிநாட்டுப் படிப்பு: பத்திரம் எடுப்பதிலிருந்து ஃபீஸ் போய்ச் சேரும் வரை

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கடனுக்கு அலையத் தொடங்குகின்றன. விண்ணப்பம் போடும்போதே தொடங்குங்கள். விசாவுக்குப் பணம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து, என்ன நிபந்தனையோடு இருக்கிறது என்பது மீதி. தொகை சரியாக இருந்தும் விசா தட்டிப்போவது இந்த மீதிப் பாதியில்தான்.

முதல் வேலை, வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது. அரசு வங்கிகள் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரும். அதற்கு மேல் பொதுவாகச் சொத்து கேட்கும். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் சில வங்கிகளில் விலக்கு உண்டு. வெளிநாட்டுப் படிப்பென்றால் வழக்கமாக 15 சதவீதம் மார்ஜின் நாம் போட வேண்டும். மொத்தச் செலவு 40 லட்சம் என்றால் 6 லட்சம் கைக்காசு, 34 லட்சம் கடன்.

காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; முறையான அனுமதி உள்ளவை ஏ, குறை உள்ளவை பி. பெங்களூரு வீடு ஏ காத்தாவா, பி காத்தாவா என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். பி காத்தா சொத்தை அரசு வங்கிகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். இங்கே சொத்துப் பதிவுக்கு 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா, அதாவது மின்னணுக் காத்தா, கட்டாயம். அடமானத்துக்கும் வங்கி அதையே எதிர்பார்க்கும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி கட்டிய ரசீது, கட்டட வரைபட அனுமதி எல்லாம் சேர்ந்தால்தான் வக்கீல் ஒப்புதல் தருவார்.

சொத்து ஓசூரிலோ வேலூரிலோ இருந்தால் பெங்களூரு அல்சூர் கிளையின் வக்கீலால் தமிழ்ப் பத்திரத்தைப் படித்து ஒப்புதல் தர முடியாமல் போகலாம். சொத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளை வழியாக வக்கீல் கருத்தும் மதிப்பீடும் வாங்க முடியுமா என்று முதல் நாளே மேனேஜரிடம் கேளுங்கள். ஊரில் உள்ள விவசாய நிலத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடன் திரும்பி வராமல் போனால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க வங்கிக்கு உரிமை தரும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் எத்தனை ஏக்கர் சொன்னாலும் மேனேஜர் முகம் மலர்வதில்லை.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கர்நாடக அரசின் பிரபுத்தா உதவித்தொகை உண்டு. ஆனால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு கர்நாடக அரசின் சலுகையைக் கேட்க முடியாது. குடும்பம் எந்த மாநிலக் கணக்கில் வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கடன் கடிதம் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பிரிட்டன் விசாவுக்குக் கடிதம் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்; விசா, அட்மிஷன் தவிர வேறு நிபந்தனை அதில் இருக்கக் கூடாது. “அடமானப் பதிவு முடிந்த பின் தொகை விடுவிக்கப்படும்” என்ற ஒரு வரி போதும், கடிதம் செல்லாது. அடமானத்தை முடித்துவிட்டு அந்த வரி இல்லாத புதுக் கடிதம் வாங்குங்கள்.

பிரிட்டனுக்குக் கைப்பணத்தைக் காட்டுவதென்றால் 28 நாள் கணக்கு. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். கடைசி நாளுக்கும் விசா விண்ணப்பத்துக்கும் இடையே 31 நாளுக்கு மேல் ஆகக் கூடாது. நடுவில் ஒரு நாள் ஈஎம்ஐ பிடித்து இருப்பு குறைந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஃபீஸ் பாக்கியோடு தங்கும் செலவுக்கும் காட்ட வேண்டும்: 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. லண்டனுக்கு வெளியே படிக்கப் போய், ஃபீஸ் பாக்கி 17,000 பவுண்டு என்றால் 10,539 சேர்த்து 27,539 பவுண்டு காட்ட வேண்டும். ரூபாய் மதிப்பு ஏறி இறங்குவதால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள்.

பணம் மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா கணக்கு ஆகாது. பங்குகள், பிஎஃப் கணக்கில் வராது. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே இனிஷியல் தொல்லை. அப்பாவின் பாஸ்புக்கில் “எம். செல்வராஜ்”, பிறப்புச் சான்றில் “முருகேசன் செல்வராஜ்”, மகளின் பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். வங்கிக் கணக்கின் பெயரை ஆதாரோடு ஒன்றாக்குங்கள். முடியாவிட்டால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி எடுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேருங்கள்.

ஜெர்மனிக்கு வேறு வழி: முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டால் அங்கே போனபின் மாதம் 992 யூரோ எடுக்கலாம். அங்கே எல்லா இடத்திலும் படிப்பு இலவசம் என்று நினைக்காதீர்கள்; பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.

இனி அனுப்புவது. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், பான், அட்மிஷன் கடிதம், ஃபீஸ் இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கி போர்டில் போட்டிருக்கும் அன்றைய டாலர் விலையை, அதாவது கார்டு ரேட்டை, அப்படியே ஏற்காதீர்கள். 20,000 டாலருக்கு, டாலருக்கு ஒரு ரூபாய் குறைத்தாலே 20,000 ரூபாய் மிச்சம். இரண்டு வங்கிகளில் ஒரே மணி நேரத்தில் ரேட் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, பற்றித்தான் குழப்பம் அதிகம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் இல்லை. கைப்பணத்தில் ஒரு பான் கணக்குக்கு நிதியாண்டில் 10 லட்சம் வரை இல்லை. அதற்கு மேல் 2025-26இல் படிப்புக்கு 5 சதவீதமாக இருந்தது. அந்த விகிதத்தில் அப்பா ஒருவரே 18 லட்சம் அனுப்பினால் 40,000 ரூபாய் பிடிப்பார்கள். 8 லட்சத்தை அம்மா தன் கணக்கிலிருந்து அனுப்பினால், இருவரும் அந்த ஆண்டு வேறெதுவும் அனுப்பாதவரை, ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். பிடித்ததும் போய்விடாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பட்ஜெட்டில் விகிதம் மாறும், அனுப்பும் ஆண்டின் விகிதத்தைப் பாருங்கள். கடன் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வாங்கி வேறு வங்கி வழியாக அனுப்பினால் கடன் கடிதத்தையும் கூடவே கொடுங்கள், இல்லாவிட்டால் கைப்பணமாகவே நினைத்துப் பிடிப்பார்கள்.

இடையில் உள்ள வங்கிகள் கமிஷன் எடுப்பதால் ஃபீஸ் சில டாலர் குறைந்து சேரும். பல்கலைக்கழகம் பாக்கி என்று சீட்டை நிறுத்தி வைக்கும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறியுங்கள். மாணவர் எண்ணைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள். பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலை வாங்கி அன்றே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள்.

ஃபீஸில் 10 சதவீதம் தள்ளுபடி, எங்கள் கார்டில் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். திருட்டு கார்டில் கட்டி, உங்களிடம் ரொக்கம் வாங்கிக்கொள்வார்கள். கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் பணம் திரும்பிப் போகும், அட்மிஷன் ரத்தாகும். விசா மறுக்கப்பட்டாலும் பல்கலைக்கழகம் கட்டியவருக்கேதான் திருப்பித் தரும். அதனால் பணம் கட்டுவது உங்கள் குடும்பக் கணக்கிலிருந்தே இருக்கட்டும்.